அடைக்கலமும் அறிவும்
(அறக்கட்டளையின் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு இழுக்குச் சேர்க்கும் குற்றங்கள் ஐந்து என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு கடந்து பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தராது வருத்துதல் என்பன அவை. காட்டு விலங்கைக் கட்டிவைப்பாரும் இலர்; அதன்மேல் பாரம் ஏற்றுவாரும் இலர். எனவே இவை பெரிதும் வீட்டில் உயிர்களை வைத்துக் காக்கும் இல்லறத்தாரை நோக்கியவை. அவ்வகையில், நாம் வளர்க்கும் நாய்களைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

குட்டியாக வாங்கும்போது இருந்த ஆசை, அது வளர்ந்தபின் பலரிடம் நிலைப்பதில்லை. பணிமாற்றம், வாடகை வீடு, வீட்டில் நோய் எனக் காரணங்கள் பல. சிலர் நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவருகின்றனர். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது. தெருநாய்களும் அதனைத் தம் எல்லைக்குள் எளிதில் விடுவதில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி, தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

வளர்க்க இயலாத நிலை உண்மையாகவே வந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு, இங்கிலாந்தில் கிரேஹவுண்ட் நாய்களைக் காப்போர் செய்துவரும் பணி நல்ல பாடமாக அமைகின்றது.

1926ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் பெல் வியூ திடலில், இயந்திர முயலைத் துரத்தி ஓடும் நாய்ப் பந்தயம் தொடங்கப்பெற்றது. அங்கே உயிருள்ள முயல் இல்லை. ஆயினும் துன்பம் நீங்கவில்லை, அது நாயின்மேல் வந்து சேர்ந்தது. இந்நாய்கள் பெரும்பாலும் நான்கைந்து வயதிற்குள் பந்தயத்திலிருந்து விலக்கப்படும். ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரை செல்லும். எஞ்சிய காலத்திற்கு அவற்றை யார் காப்பது? இக்கேள்விக்கு விடையாகவே 1975இல் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்கென ஓர் அறக்கட்டளை தோன்றியது. அந்த இனத்தை வளர்த்துப் பழகிய தன்னார்வலர் பலர் அதற்குத் துணை நின்றனர்.

இரக்கம் எவருக்கும் வரலாம். இவர்களிடம் இரக்கத்தோடு அறிவும் இருந்தது. கொட்டிலிலேயே வளர்ந்த அந்நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவு இருப்பதும் தெரியாது. உறக்கத்தில் திடீரெனத் தொட்டால் அஞ்சிச் சீறக்கூடும். கொழுப்பு குறைந்த மெல்லுடல் ஆதலால் குளிரைத் தாங்காது. சிலவகை மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நெடுநேரமாகும். சிறு விலங்கு ஓடக் கண்டால் துரத்தும். இவற்றை அறியாதவர், சில நாட்களிலேயே "இது பொல்லாத நாய்" எனத் திருப்பி அனுப்பிவிடுவர்.

ஆகவே இத்தகைய இனவாரிக் குழுக்கள் பொதுவாக ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. முதலில் அனுபவம் உள்ள ஒருவர் இல்லத்தில் நாயைத் தற்காலிகமாக வைத்து அதன் இயல்பை அறிகின்றனர். ஏற்க விரும்புவோரின் வீட்டை நேரில் காண்கின்றனர், பொருந்தாவிடில் மறுக்கின்றனர். கொடுத்த பின்னரும் ஐயங்களுக்கு விடை சொல்கின்றனர். பின்னாளில் வளர்க்க முடியாமற்போனால் தங்களிடமே நாயைத் திருப்பித் தர வேண்டும் என எழுதி வாங்குகின்றனர். இந்த இறுதி நிபந்தனையே நாய்க்கு உண்மையான அபயம். ஒரு வீடு மூடினாலும் தெரு அதற்கு இடமாவதில்லை.

நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் இதுபோன்று மெலிந்த உடலும் மிகுந்த வேகமும் உடைய வேட்டை நாய்களே. ஓட இடமில்லாத அடுக்ககத்தில் அவற்றைச் சங்கிலியில் பிணித்தால், ஐந்து குற்றங்களுள் முதலாவதை நாள்தோறும் செய்தவர் ஆவோம்.

நம் இல்லங்களுக்கே உரிய வினா ஒன்றும் உண்டு. நாய்க்கு என்ன உணவு தருவோம்? பாலும் சோறும் மட்டும் போதா. புலாலின்றியும் நாயை வளர்க்க இயலும். ஆனால் போதிய புரதமும் பிற சத்துகளும் கிடைக்கும்படி, கால்நடை மருத்துவரின் வழிகாட்டலோடு திட்டமிட வேண்டும். அதற்கு ஆயத்தமாக இல்லாதவர் நாயை ஏற்காதிருத்தலே நன்று. அதுவும் தயையே.

அன்பர்களே! ஒரே இனத்து நாயை வளர்ப்போர் உங்கள் ஊரில் நால்வர் இருப்பினும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுங்கள். வெளியூர் செல்லும் அன்பரின் நாயை மாறிமாறிக் காத்திடுங்கள். ஒருவரால் இயலாதபோது மற்றவர் ஏற்கவோ, தக்க இல்லம் தேடித் தரவோ முன்வாருங்கள். நாயை ஒப்படைக்க வருவோரை இழித்துரைக்காதீர்கள். பழிச்சொல்லுக்கு அஞ்சியே பலர் இரவில் ஓசையின்றித் தெருவில் விட்டுச் செல்கின்றனர்.

வாயில்லா உயிர் தன் இல்லத்தைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. அதற்காகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. அப்பொறுப்பை அறிந்து ஆற்றுவோமாக.

அறம் வெல்க!