நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பனிமலை



மொழியியல் பயின்றோர் மலையைப் பற்றிப் பேசுவானேன் என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மலைக்கு வழங்கும் பெயரும், அதன்மேல் கிடக்கும் பனிக்கு நாம் இடும் பெயரும் மொழியைச் சார்ந்தவை அல்லவா? ஆதலின், நமக்கு அண்டை நாட்டில் இருந்தும் நாம் அதிகம் அறியாத ஒரு சிகரத்தை இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டோம். நியூகினித் தீவின் மேற்குப் பாதியில், இந்தோனேசியாவின் பாப்புவா நிலப்பரப்பில் அமைந்த புஞ்சாக் ஜெயாவே அது.

இதன் உயரம் 4,884 மீட்டர். உலகத் தீவுகளில் உள்ள சிகரங்களுள் இதுவே மிக உயரமானது. இமயத்திற்கும் ஆண்டீசு மலைத்தொடருக்கும் இடையே இதனை விஞ்சிய சிகரம் இல்லை. ஆயினும் இது நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 4 பாகையில் உள்ளது. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் எந்த வெயிலில் காய்கின்றனவோ, அதே வெயில் மண்டலத்தில்தான் இப்பனியும் கிடக்கிறது.

மலையின் உடல் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஒரு காலத்தில் ஆழமற்ற கடலடியில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் அது. ஆஸ்திரேலியப் புவித்தட்டும் பசிபிக் புவித்தட்டும் மோதியதால் கடலடி மலையுச்சி ஆயிற்று. தென்கடற்கரையிலிருந்து உச்சிவரை உள்ள தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டரே. அதற்குள் சதுப்புநிலம், மழைக்காடு, பாசி படர்ந்த மலைக்காடு, புல்வெளி, வெறும்பாறை, பனி என நிலத்தோற்றம் அடுக்கடுக்காக மாறுகிறது. இவ்வடுக்குகளைத் தன்னுள் கொண்ட லோரன்ஸ் தேசியப் பூங்காவை 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது.

வெயில் மண்டலத்தில் பனி எவ்வாறு நிற்கிறது? ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைகிறது. கடலோரத்தில் 27 பாகை எனில், உச்சியில் உறைநிலையை ஒட்டிய குளிரே இருக்கும். இங்குக் கோடை, குளிர் என்னும் பருவவேறுபாடு மிகக் குறைவு. காலையில் தெளிந்திருக்கும் உச்சியை நண்பகலுக்குள் மேகம் மூடிவிடும். மழை ஏறக்குறைய நாள்தோறும் உண்டு.

1623ஆம் ஆண்டு யான் கார்ஸ்டென்சூன் என்னும் டச்சுக் கடலோடி, வானம் தெளிந்த ஒரு நாளில் கப்பலிலிருந்து இப்பனியைக் கண்டார். வெப்ப நாட்டில் பனியா என ஐரோப்பாவில் அவர் கூற்றை நம்ப மறுத்தனர். சிகரத்தின் உச்சியில் மனிதர் கால்பதித்தது 1962ஆம் ஆண்டிலேதான். ஹைன்ரிக் ஹாரர் தலைமையில் சென்ற நால்வர் அதனை எய்தினர்.

பெயருக்கு வருவோம். ஐரோப்பியர் அக்கடலோடியின் பெயரை மலைக்கு இட்டனர். பின்னர் அது சுகர்ணோவின் பெயரைத் தாங்கியது. அதன்பின் புஞ்சாக் ஜெயா ஆயிற்று. 'புஞ்சாக்' சிகரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பதை நீங்கள் அறிவீர்கள். 'ஜெயா' வடமொழியிலிருந்து மலாய்க்கும் தமிழுக்கும் வந்த வெற்றிச் சொல். இம்மலையைத் தம் முன்னோர் நிலமாகப் போற்றும் அமுங்மே மக்கள் இதனை நெமாங்காவி என்பர். வெள்ளை அம்பு என்று பொருள் கூறுவர். பிற பெயர்கள் வந்தவரைச் சுட்டின. இப்பெயர் மட்டுமே மலையைச் சுட்டுகிறது.

அந்த வெண்மைதான் இப்போது மறைந்துவருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பனி, 2018இல் அரைச் சதுர கிலோமீட்டரளவும் எஞ்சவில்லை. 2010இல் ஆய்வாளர் துளையிட்டபோது பனிக்கட்டியின் ஆழம் 32 மீட்டர். அடுத்த ஐந்தாண்டுகளில் அது ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் மெலிந்தது; 2015-16 எல் நினோ காலத்தில் அவ்வேகம் பன்மடங்காயிற்று. இமயத்தில் உருகியதை ஓரளவு ஈடுசெய்யக் குளிர்காலம் உண்டு. இங்கு அது இல்லை. காற்று சற்றே வெப்பமுற்றால், பனியாக விழவேண்டியது மழையாக விழுந்து, இருக்கும் பனியையும் கரைத்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி. மலையுச்சியில் உறைந்திருப்பதும் பனி. பனி காணா நிலத்தில் வளர்ந்த மொழிக்கு இது குறையன்று. எனினும், வகுப்பறையில் நாம் வேறுபடுத்திக் காட்டவேண்டும். வானிலிருந்து விழுவது வெண்பனி. ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகியது பனிக்கட்டி. அக்கட்டி தன் எடையால் மெல்ல நகர்ந்தால் பனியாறு. உடைந்து கடலில் மிதந்தால் பனிப்பாறை. 'பனிப்பாறை உருகுகிறது' என்று எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை எழுதினால், மாணவர் துருவக் கடலை நினைப்பரேயன்றி, அண்டைத் தீவின் மலையை நினையார். தொலைவில் நிகழ்வதாக எண்ணியதற்கு எவரும் கவலைப்படுவதில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எம் வயதை அடையும்போது அந்த உச்சியில் பனி இராது. அன்று நெமாங்காவி என்னும் பெயரின் பொருளை விளக்க, வெள்ளையாய் அங்கு எது இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அதைத் தெளிந்த தமிழில் சொல்லும் திறம் உங்களுக்கு வாய்க்கட்டும் என விரும்பி, அமைகின்றோம்.