சாம்பலுக்கும் கணக்கு உண்டு!

(இராயபுரத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நடந்து பாருங்கள். ஒருபுறம் துறைமுகமும் ஆலைகளும். மறுபுறம் அலைகடலும் மீனவர் குப்பங்களும். வடசென்னை அனல் மின் நிலையம் ஊருக்கெல்லாம் ஒளி தருகிறது. அதன் சாம்பற் குழம்போ குழாய் உடைந்த போதெல்லாம் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கொட்டிப் படிந்தது. விளக்கு எங்கோ எரிகிறது. சாம்பல் இங்கே விழுகிறது! நியாயமா இது?

நம் உழவர் வீட்டை எண்ணிப் பாருங்கள். வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. வீணென்று வீச அங்கே ஒன்றுமில்லை. அதைத்தான் இன்று ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று உலகம் போற்றுகிறது. டென்மார்க்கின் கலுண்போர்க் நகரில் மின் நிலையத்தின் நீராவி எண்ணெய் ஆலைக்கும், அதன் ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்கும் போய்ச் சேர்ந்தன.

“அது டென்மார்க், இது மணலி!” என்பர் சிலர். இங்கேயும் நடந்திருக்கிறது, தோழர்களே! நகரின் கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தும் பணியை மணலி ஆலைகள் 1990-களிலேயே மேற்கொண்டன. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. அந்நீர் மணலி, எண்ணூர் ஆலைகளுக்கென்றே அமைந்தது. ஆலைகள் குடிக்காத நன்னீர், மக்களின் குடத்துக்கு மிச்சம்!

நீர் சுழன்றது, சாம்பல் முழுதாய்ச் சுழலாதது ஏன்? அறிவியல் இல்லாமலா? சிமெண்டில் 35 விழுக்காடு வரை சாம்பலைச் சேர்க்கலாம், செங்கல்லும் செய்யலாம். சட்டம் இல்லாமலா? 1999 முதல் விதிகள் உண்டு. முழுச் சாம்பலையும் பயன்படுத்த வேண்டும் என்றது 2021-ஆம் ஆண்டு அறிவிக்கை. கழிமுகத்தைச் சீராக்க 2022-இல் பசுமைத் தீர்ப்பாயமும் ஆணையிட்டது. பின் எது தடை? தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் வந்தது. சாம்பலைக் கழிமுகத்தில் விடுவதற்கோ விலையில்லாதிருந்தது. அந்த விலையை இறாலும் நண்டும் குறைந்த வலையோடு திரும்பிய மீனவன் கொடுத்தான்!

ஆலையை மூடச் சொல்லவில்லை நாம். வேலையும் வேண்டும், வலையும் வேண்டும். எத்தனை டன் சாம்பல் பிறந்தது, எங்கே போயிற்று என்று கேளுங்கள். தாழ்நிலத்தை நிரப்பிவிட்டு அதையும் பயன் என்று கணக்கெழுதினால், எந்த நிலம் என்று கேளுங்கள். கழிமுகத்தைத் தூர்வாரும் செலவு, கொட்டியவர் கணக்கில் ஏறட்டும். செங்கல் சூளையிலும் தூர்வாரும் பணியிலும் இப்பகுதி இளைஞருக்கே வேலை கிடைக்கட்டும். திட்டம் தீட்டும் மேசையில் மீனவர்க்கும் ஓர் இருக்கை இருக்கட்டும்.

இலாபம் ஓரிடம், சாம்பல் வேறிடம் என்றால் அது சுழற்சியன்று, சுரண்டல்! இதை வீடு வீடாகச் சொல்லுங்கள்.