வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

தஞ்சைச் சீமையின் வயல்களில் நெற்பயிரைப் போலவே தோற்றம் காட்டி, பயிருக்குரிய உரத்தையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும் புல்லைக் களை பறிக்கும் பெண்கள் நன்கறிவார்கள். அதுபோல, ஃபோலிக் அமிலம் என்னும் ஜீவசத்தின் உருவத்தையே பெரிதும் ஒத்திருந்து, அதன் வேலையை மறித்து, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்துதான் மெத்தோட்ரெக்சேட்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவினர் உருவாக்கிய இவ்வகை மருந்தால், ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நிவாரணம் கிட்டியதை 1948-இல் டாக்டர் சிட்னி ஃபார்பர் உலகுக்கு அறிவித்தார்.

இன்று இம்மருந்தைச் சிறிய அளவில் முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள். அதற்கு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. வலி மிகுந்ததென்று தினமும் விழுங்கினால், எலும்பு மஜ்ஜையில் ரத்த உற்பத்தி குன்றி, பிராணனுக்கே அபாயம் நேரும். மீண்டும் சொல்கிறேன்: தினமும் அல்ல, வாரத்துக்கு ஒரு நாள்.

அது செவ்வாயோ வெள்ளியோ, அந்தக் கிழமையை மாத்திரை அட்டையின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். உடன் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் தவறாது உட்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் முடக்குவாதத்துக்கு இதை உட்கொள்ளலாகாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் இம்மாத்திரையை உட்கொள்பவர்களானால், அவர்கள் எந்த நாளில் உட்கொள்கிறார்கள் என்பதை இன்றே கேட்டறியுங்கள்.