கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை! - மலை வீடுகளில் பயறு சமைப்பது பற்றி

(பழனி மலையின் மேல்மலைப் பகுதியில், விவசாயிகளும் தாய்மார்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் சொல்லிக் கொடுப்பவருக்கு அடுக்களையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் விளைவிக்கும் பட்டர் பீன்ஸும், ராஜ்மாவும், பட்டாணியும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒரு பானைதான். அங்கே அது வேகாமல் போனால், வாங்கியவர் அடுத்த முறை அந்தச் சரக்கைக் கையால் தொடமாட்டார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு, மூட்டையில் இருப்பது எத்தனை நாழிகையில் வேகும் என்பதும் உங்கள் வருமானத்தைச் சேர்ந்த விஷயமே. அதோடு, விறகுக்கும் காஸுக்கும் ஆகும் செலவும், அடுப்படியில் நிற்கும் பெண்களின் நேரமும் உங்கள் குடும்பக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

பணியின் நிமித்தம் மலைக்கு வந்து, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுபவர்களில் நானும் ஒருவன். சென்ற ஆண்டு என் தாயார் மதுரையிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கியிருந்தார்கள். வந்த அன்றே துவரம்பருப்பைப் பானையில் போட்டு, அடுப்பில் ஏற்றி, வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "இந்த ஊர்ப் பருப்பே சரியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பருப்பு அவர்களே மதுரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது!

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. 1835-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இயற்கை விஞ்ஞானி சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்தார். ஓர் இரவு தங்கிய இடத்தில் உருளைக்கிழங்கை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தும் அது வேகவில்லை. இரவு முழுவதும் பானையை அடுப்பிலேயே விட்டு, காலையில் மறுபடி கொதிக்க வைத்தபோதும் கிழங்கு கல்லாகவே இருந்தது. உடன் வந்தவர்கள் பானை புதிது, அதற்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று முடிவு கட்டினார்களாம். என் தாயார் பருப்பின் மேல் போட்ட பழியை அவர்கள் பானையின் மேல் போட்டார்கள். உண்மையில் பழிக்கு உரியது இரண்டும் இல்லை, காற்று.

கொதி வேறு, சூடு வேறு

நமது தலைக்கு மேலே உள்ள காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1 கிலோ எடைக்குச் சமமாகக் காற்று அழுத்துகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் இது சுமார் 800 கிராம் அளவே. தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதற்கு இந்த அழுத்தத்தை மீற வேண்டும். அழுத்தம் குறைந்த இடத்தில் குறைந்த சூட்டிலேயே மீறிவிடுகிறது. ஆகவே கடற்கரையில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் தண்ணீர், மலையடிவாரத்துப் பழனியில் சுமார் 99 டிகிரியிலும், கீழ்மலையில் தடியன்குடிசை உயரத்தில் சுமார் 96 டிகிரியிலும், கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலும் கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் சூடு 93 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் நெருப்பெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில்தான் போகும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் பானை நன்றாகச் சூடேறியிருப்பதாக எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரிவது கொதி, பயறுக்கு வேண்டியது சூடு. ஏழு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் சூடு 10 டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. முழுப் பயறுகளில் இது இன்னும் கூடுதலாகவே தெரியும். சோறும் இட்லியும் அவ்வளவு படுத்துவதில்லை. மாவுச்சத்து வேகுவதற்கு 70, 80 டிகிரிச் சூடே போதுமாகையால் சில நிமிடங்கள் கூட வைத்தால் சரியாகிவிடும். பயறின் தோலும் பருப்பின் உயிரணுச் சுவர்களும் இளகுவதற்குத்தான் நல்ல சூடு தேவைப்படுகிறது.

குக்கர் செய்யும் வேலை

மேலே காற்று அழுத்தவில்லை என்றால், நாமே அழுத்தி வைத்தால் என்ன? 1679-ஆம் ஆண்டில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், எலும்பையே இளகச் செய்யும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். இன்றைய பிரஷர் குக்கருக்கு அதுவே முன்னோடி. நமது நாட்டில் 1959-ஆம் ஆண்டை ஒட்டி ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் போன்ற குக்கர்கள் இங்கேயே செய்யப்படலாயின.

குக்கரின் வெயிட், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவு கூடுதல் அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கிறது. சமவெளியில் காற்றும் வெயிட்டும் சேர்ந்து 2 கிலோ. உள்ளே சூடு சுமார் 120 டிகிரி. கொடைக்கானலில் இரண்டும் சேர்ந்து 1 கிலோ 800 கிராம். சூடு சுமார் 116 டிகிரி. திறந்த பானையில் சமவெளியைவிட 7 டிகிரி பின்தங்கிய நாம், குக்கரில் 4 டிகிரிதான் பின்தங்குகிறோம். அதோடு, திறந்த பானையைவிட 23 டிகிரி மேலே நிற்கிறோம். சமவெளிக்காரருக்குக் குக்கர் ஒரு வசதி. மலையில் இருப்பவருக்கு அது மண்வெட்டியைப் போல அவசியமான கருவி என்பது எனது கருத்து. கல்யாணச் சீரில் எவர்சில்வர் குடங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை நல்ல குக்கருக்குச் செலவிட்டால் போதும்.

அந்த 4 டிகிரிக்காகவும் நேரம் சற்றுக் கூட்டத்தான் வேண்டும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு 5 பங்கு நேரம் கூட்டுவது வழக்கம். கொடைக்கானல் 7,000 அடி. ஆகவே கால் பங்கு கூட்ட வேண்டும். சமவெளியில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 நிமிடம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "எத்தனை விசில்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். தீ அதிகமாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பத்து விசில் வரும். தீ குறைவாக இருந்தால் பத்து நிமிடத்தில் இரண்டு வரும். உள்ளே சூடு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காஸ் கூரை வழியே வெளியேறும் சத்தம்தான்.

பயறு வகைகளைக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. பருப்பு நுரைத்து ஆவிக் குழாயை அடைத்துக்கொள்வதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடுவதற்கு முன் ஆவிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துவாரம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடவும். தண்ணீர் வற்றிப்போனால் உருகி வழிவிடுவதற்காகவே மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது உருகிவிட்டால் அதே கம்பெனியின் வால்வையே வாங்கிப் போட வேண்டும். ஆணியையோ, துணியையோ வைத்து அடைத்த குக்கர் வெடிகுண்டுக்குச் சமம். ஓரத்தில் ஆவி கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும். புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கவும். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு இம்முத்திரை கட்டாயம். ஆயினும் முத்திரையில்லாத மலிவுச் சரக்கு சந்தைகளில் வருவதைக் காண்கிறோம்.

விறகடுப்பில் குக்கர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தீ நாக்கு பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடியும் வளையமும் கருகிவிடும். பானையின் அடிப்பாகம் மட்டும் நெருப்பைப் பார்க்கும்படி வாய் அமைந்த புகையில்லா அடுப்பானால் வைக்கலாம். மூன்று கல் அடுப்பானால் வேண்டாம். குக்கருக்காகவே ஒரு ஒற்றை அடுப்புக் காஸ் இருந்தால் நல்லது. பயறை மட்டும் அதில் வேகவைத்து, மற்றவற்றை விறகில் செய்துகொள்ளலாம். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு விறகு எடுப்பது முன்போல் எளிதில்லை என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிர்காலக் காலையில், சிலிண்டர் தீரும் சமயத்தில் காஸ் மங்கி எரியும். அதற்காகச் சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதோ, அடுப்பருகே சாய்ப்பதோ மிகவும் ஆபத்து.

ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாக வெந்தால் அது அழிந்துவிடும். கொதித்தும் வேகாத நமது ஊரில் இதை நினைவில் வைப்பது அவசியம். இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, குக்கரில் விரலால் நசுங்கும் பதம் வரை வேகவைத்தே உண்ண வேண்டும். அடுப்போரத்துக் கணப்பில் விட்டு வைப்பதை நம்ப வேண்டாம்.

மற்றச் சாதனங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சார ரைஸ் குக்கர் தண்ணீர் வற்றியதும் தானே நின்றுவிடும். அரிசி வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மலையில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வைக்கவும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் பல வீடுகளுக்கு வந்தன. மின்விசிறிக்குத்தான் மேல்மலையில் வேலை குறைவு! கிரைண்டரில் ஆட்டும்போது இளஞ்சூடான நீர் விட்டு, மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்தால் மார்கழியிலும் மாவு புளிக்கும். குடிநீரைக் கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடவும்.

வயலிலும் களத்திலும் செய்ய வேண்டியது

சூட்டைச் சரிசெய்த பிறகும் சில பயறுகள் வேகுவதில்லை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஊறவே ஊறாத கொட்டை. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. கடும் வெயிலில் அளவுக்கு மீறிக் காய்ந்த விதையில் இது அதிகம். மற்றொன்று, நன்றாக ஊறிப் பருத்தும் வேகாத கொட்டை. இது சேமிப்பினால் வரும் குறை. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறில், உயிரணுச் சுவர்களைப் பிணைக்கும் பொருள் இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய பதம் வராது.

மேல்மலை விவசாயிகளுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உள்ள குளிர்ச்சி, பயறைக் கெடாமல் வைத்திருக்கும் இயற்கைக் கிடங்கு. அதே பயறு கோடையில் சமவெளிக் கிடங்கில் தகரக் கூரையின் கீழ் கிடந்தால் சில மாதங்களில் வேகாத சரக்காகிவிடும். கையில் பணத்தேவை இல்லாதவர்கள், சேமிப்பதானால் மலையிலேயே சேமித்துத் தேவைக்கேற்ப இறக்குவது நல்லது. காய் முற்றியபின் பறித்து, மிதமான வெயிலில் 10 முதல் 12 சத ஈரம் வரும்வரை காயவைத்து, மூடுபனி ஈரம் ஏறாதபடி இறுக மூடி, தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்கவும்.

எல்லாவற்றிலும் கேடு, பழைய சரக்கைப் புதியதோடு கலப்பது. எடை கூடுகிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று வியாபாரிகளில் சிலர் செய்கிறார்கள், விவசாயிகளிலும் சிலர் செய்கிறார்கள். பானையில் போட்டதும் புதியது கரைந்து கூழாகும், பழையது கல்லாக நிற்கும். சமைப்பவர் இதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. கலந்த மூட்டையைவிட, பழையது என்று சொல்லி விலை குறைத்துக் கொடுத்த மூட்டை எவ்வளவோ மேல். மூட்டைக்குள் அறுவடை மாதத்தையும் ஆண்டையும் எழுதிய ஒரு சீட்டைப் போட்டு வையுங்கள்.

வீட்டில் பழைய பயறு இருந்தால், ஊறவைக்கும் நீரில் கொஞ்சம் உப்புப் போடலாம். தோல் இளகுவதற்கு அது உதவும். சமையல் சோடா சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அதிகமானால் தயமின் என்ற பி-1 சத்து அழிந்துவிடும், வாயிலும் வழுவழுக்கும். புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகே சேர வேண்டும். புளிப்பு முன்னே போனால் வேக்காடு நின்றுவிடும். உப்புக்கரிக்கும் கிணற்று நீரைவிட ஓடை நீரில் பயறு விரைவில் வேகும்.

விற்பனைக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் இருந்து கலந்து 100 விதை எண்ணி எடுத்து இரவில் ஊறவைக்கவும். காலையில் ஊறாத விதைகளைப் பொறுக்கி எண்ணவும். மீதியைக் குக்கரில் 25 நிமிடம் வேகவைத்து, ஒவ்வொன்றாக இரு விரலால் நசுக்கவும். ஊறாதது எத்தனை, நசுங்காதது எத்தனை என்று தனித்தனியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊறாதது அதிகமென்றால் காயவைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். நசுங்காதது அதிகமென்றால் வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் ஒரு படி பயறையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.