சுவடிக்கு ஒரு பெட்டி



பட்டுச்சேலையைப் பெட்டியில் வைத்து மறந்துவிடலாகாது என்பது ஐயம்பேட்டையில் தறியோடு வாழ்ந்தவர் அறிந்ததே. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை முறியும். ஏட்டுச்சுவடிக்கும் அதே நியாயந்தான். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஊர்ஊராய்த் தேடியலைந்தபோது செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகள் பலவற்றைக் கண்டார். மூடிவைத்தவர் பலர், திறந்து பார்த்தவர் சிலரே. அவர் சேர்த்தவை, 1943இல் அவர் பெயரால் எழுந்த நூலகத்தில் இன்றும் உள்ளன.

பாட்டனார் விட்டுச்சென்ற நான்கைந்து சுவடிகளுக்குப் பெட்டி செய்விப்பவர் முதலில் அளக்கவேண்டியது மரத்தையன்று, சுவடியை. காப்புப் பலகையைச் சுற்றிலும் விரல் நுழைய இடம் வேண்டும்; இல்லையேல் எடுக்கும்போதே ஏட்டின் ஓரம் ஒடியும். நன்கு உலர்ந்த தேக்கு ஏற்றது. மூலைகளில் ஆணி அறையாமல், கைவிரல்களைக் கோத்தாற்போல் பல்லும் பள்ளமுமாகப் பொருத்துவதே உறுதி.

தச்சரின் திறம் தெரிவது மூடியிலேதான். மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் ஊதும், கோடையில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. ஆகவே சட்டத்தில் காடி எடுத்து, மூடிப்பலகையைப் பசையின்றிச் செருகவேண்டும். இறுக்கி ஒட்டினால் பிளக்கும்.

வார்னிஷ் வெளிப்புறத்தோடு நிற்கட்டும். உள்ளே வெளுக்காத பருத்தித்துணி விரிக்கலாம். பூட்டு வேண்டாம், பித்தளைக் கொக்கி போதும். சாவி தொலைந்த பெட்டி பரணுக்குத்தான் ஏறும். பூச்சிக்கு ஒரு மூலையில் வசம்பு. அதன் மணம் குன்றியதும் மாற்றவேண்டியிருக்கும். அந்தச் சாக்கிலாவது பெட்டி அவ்வப்போது திறக்கப்படும்.