தந்தையின் ஏடுகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாளிலே அவருடைய குலமுறையையும் குணநலத்தையும் பாடிக் கல்வெட்டு என்னும் சிறுநூலை அச்சிட்டு வழங்குவது நெடுங்கால வழக்கம். பிள்ளைகளின் சார்பில் வெளிவரும் அந்நூல்களிலே புகழ்ச்சி மிகுந்தும் செய்தி குறைந்தும் இருப்பதுண்டு. பெற்றோரைப் புகழ்தல் பிள்ளைகளுக்கு உரிமையே. ஆயின், மறைந்த தந்தை ஒரு கலைஞராயிருப்பின், புகழ்ச்சியோடு நின்றுவிடாத வேறொரு கடமையும் பிள்ளைகளைச் சேர்கிறது. அவர் எழுதி வைத்த ஏடுகளை என் செய்வது? அவரைப் பற்றி உலகத்துக்கு எதைச் சொல்வது? அவர் விட்டுச்சென்ற உறவினரை யார் தாங்குவது?

இம்மூன்று கேள்விகளுக்கும் ஒரு குடும்பம் அளித்த விடைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அது ஜேர்மனி நாட்டிலே வாழ்ந்த பாக் குடும்பம். தந்தையின் பெயர் யோகான் செபஸ்தியான் பாக்.

லைப்சிக் நகரத்துத் தோமையார் ஆலயத்தின் பள்ளியிலே இசைத் தலைவராக 27 ஆண்டுகள் பணிசெய்த அப்பெரியார், 1750ஆம் ஆண்டு யூலை மாதம் 28ஆந் திகதி தம் 65ஆவது வயதிலே காலமானார். கண்ணொளி மங்கவே, அவ்வாண்டின் இளவேனிலிலே இருமுறை கண்ணிற் சத்திரசிகிச்சை செய்வித்துக்கொண்டார். அதன்பின் உடல்நலம் குன்றியது, எழுந்திருக்கவில்லை. ஊர்ச் சேமக்காலையிலே அவரை அடக்கஞ் செய்தனர். கல்லறையின்மேல் பெயர் பொறித்த கல் எதுவும் நாட்டப்படவில்லை. இரு மனைவியரிடத்தும் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் இருபதின்மர். அவருள் ஒன்பதின்மரே அன்று உயிரோடிருந்தனர்.

பாக், லூதரின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த உறுதியான கிறிஸ்தவர். தாம் எழுதிய இசையேடுகள் பலவற்றின் தொடக்கத்திலே இயேசுவின் துணையை வேண்டும் இரண்டு எழுத்துகளையும், முடிவிலே இறைவன் ஒருவனுக்கே மகிமை என்னும் பொருள்படும் மூன்று எழுத்துகளையும் பொறித்து வைப்பார். அவர் வைத்திருந்த விளக்கவுரை வேதாகமத்தின் மூன்று பாகங்கள் இன்றும் அமெரிக்காவிலே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் ஓரங்களிலே அவர் தம் கைப்படக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். நாளாகமம் இரண்டாம் நூலிலே, சாலொமோன் கட்டிய ஆலயத்தில் பாடகரும் எக்காளம் ஊதுவோரும் ஒருமித்து இசைத்தபோது மேகம் ஆலயத்தை நிரப்பியது என்னும் இடத்தருகே, பக்தியோடு இசைக்கப்படும் இசையிலே இறைவன் தன் அருளோடு எந்நேரமும் வந்திருக்கிறான் என்ற கருத்தைக் குறித்து வைத்தார். இசை அவருக்கு வழிபாட்டுத் தொண்டு. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வேண்டியதை எழுதுவார், பாடுவிப்பார், ஏட்டை அடுக்கி வைப்பார். அவர் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சில. எஞ்சியவை யாவும் கையெழுத்துப் பிரதிகளே. அவை அழிந்தால் அவற்றோடு இசையும் அழியும்.

முன்னோரின் ஏட்டைப் பேணுதல் இன்னதென்பதைப் பாக் தாமே பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார். பத்து வயதாகுமுன்னரே தாயையும் தந்தையையும் இழந்தவர் அவர். மூத்த தமையனின் வீட்டிலே வளர்ந்தார். தமையன் பூட்டிவைத்த இசைநூலொன்றை அழிக்கதவின் இடைவெளியால் உருவியெடுத்து, ஆறு மாத காலம் நிலவொளியிலே இரகசியமாகப் பிரதிசெய்தார் என்றும், தமையன் அப்பிரதியைக் கண்டு பறித்துக்கொண்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. அவர் மறைவுக்குப்பின் எழுதப்பட்ட நினைவுரையிலே அது இடம்பெற்றிருக்கிறது. வளர்ந்தபின், 1735ஆம் ஆண்டிலே, தம் குலத்திலே தோன்றிய இசைவாணர் 53 பேரின் வரலாற்றைக் குறித்து ஒரு வமிசாவளி வரைந்தார். அம்முன்னோரின் பாடல்களையும் தேடிச் சேர்த்து ஒரு தொகுதியாக வைத்தார்.

இத்தகைய தந்தை உயில் எழுதாமலே இறந்தார். உடைமையில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், இரண்டு பங்கு ஒன்பது பிள்ளைகளுக்கும் சேர்ந்தன. இசைக்கருவிகளும் சமயநூல்களும் பொருட்பட்டியலிலே காணப்படுகின்றன, இசையேடுகள் காணப்படவில்லை. அவை பெரும்பாலும் மூத்த மைந்தர் இருவரின் கைக்கும் மனைவியின் கைக்கும் போயின.

மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடெமான், தந்தையின் கண்மணி போன்றவர். அவர் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த 1720ஆம் ஆண்டிலே, தந்தை அவருக்கென்றே ஒரு பயிற்சிநூல் தொடங்கி வைத்தார். பின்னர் அவர் ஆலே நகரத்து ஆலயத்திலே ஓர்கன் வாசிப்பவரானார். ஆலே தமிழருக்கு அயலான ஊரன்று; 1713ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அந்நகரத்திலே வார்க்கப்பட்டவை. பிரீடெமான் 1764ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டார். அதன்பின் நிலையான தொழில் அவருக்கு வாய்க்கவில்லை. வறுமை நெருக்கவே தந்தையின் ஏடுகளைச் சிறிது சிறிதாக விற்றார். 1784இல் பேர்லின் நகரிலே ஏழையாய் இறந்தார். அவர் கைவிட்ட ஏடுகளிற் பல திரும்பவில்லை. பசித்தவனைப் பழித்தல் எளிது. ஆனால் இழப்பு இழப்பே.

இரண்டாம் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல், பிரஷிய மன்னன் பிரெடரிக்கின் அரண்மனை இசைவாணர். தந்தை இறந்தவுடன் பதினான்கு வயதுத் தம்பி யோகான் கிறிஸ்தியானைப் பேர்லினுக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். தந்தையின் மாணவர் ஒருவரோடு சேர்ந்து ஒரு நினைவுரை எழுதினார். அது 1754ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதன் சிறப்பு யாதெனின், புகழுரையோடு நில்லாமல் தந்தையின் ஆக்கங்களுக்கு ஒரு பட்டியலும் தந்தமையே. ஆண்டு முழுவதற்குமான ஆலய இசைத்தொகுதிகள் ஐந்து என்று அப்பட்டியல் கூறுகிறது. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ இருநூறு பாடல்கள். அவை மூன்று தொகுதிகள் அளவே ஆகும். மகன் அப்பட்டியலை எழுதியிராவிடின், இழந்தது எவ்வளவு என்பதுகூட இன்று தெரியாது.

தந்தையின் இறுதிப் பெருநூலாகிய 'ஃபியூக் கலை'யை அவர் 1751இல் அச்சிட்டு வெளியிட்டார். ஒரு குரல் தொடங்கிய இசையை மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏந்திச்செல்லும் அமைப்பே ஃபியூக் எனப்படும். நூலின் கடைசி ஃபியூக் பாதியிலே நின்றுவிட்டது. ஜேர்மன் முறையிலே பாக் என்னும் பெயரின் நான்கு எழுத்துகளும் நான்கு சுரங்களுக்குப் பெயர். அச்சுரங்களைத் தம் பெயராக இசையிலே புகுத்திய இடத்திலே தந்தை உயிர் நீத்தார் என்று மகன் கையெழுத்துப் பிரதியிலே குறித்து வைத்தார். அவர் உயிர் பிரிந்தது அவ்வேளையிலன்று என இக்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அன்புடைய மகனின் பேனா அவ்விடத்திலே சற்று முந்திவிட்டது போலும். நூலோ விலைபோகவில்லை. 1756ஆம் ஆண்டளவில் விற்றவை முப்பது பிரதிகளே. செப்புத் தகடுகளையே விற்றுவிட அவர் விளம்பரஞ் செய்தார். ஆயினும் ஏடுகளைக் கைவிடவில்லை.

பின்னாளிலே ஃபோர்கெல் என்னும் அறிஞர் பாக்கின் வரலாற்றை எழுத முற்பட்டபோது, இம்மானுவேல் அவருக்குப் பல கடிதங்கள் எழுதினார். தந்தைக்குக் கடிதம் எழுத நேரம் கிடைப்பதரிது என்றும், வீடோ புறாக்கூடு போல வருவாரும் போவாருமாய் நிறைந்திருந்தது என்றும் தெரிவித்தார். தந்தையைப் பற்றி ஊரார் கட்டிய வீரக்கதைகளை அவரே விரும்பியதில்லை. ஆதலால் அவற்றை விட்டுவிடுக என்றும் கேட்டுக்கொண்டார். தந்தையைப் பெரியவராக்க மிகைமொழி வேண்டியதில்லை என்பதை அம்மகன் அறிந்திருந்தார்.

இனி மூன்றாவது கேள்வி. இங்கே கதை துயரமானது. மனைவி அன்னா மக்தலேனா இனிய குரல் படைத்த பாடகி. கணவருக்காக ஆண்டுக்கணக்காக இசையேடுகளைப் பிரதிசெய்தவர். தனிச் செலோவுக்காகப் பாக் இயற்றிய ஆறு தொகுதிகளின் மூலக் கையெழுத்து கிடைக்கவில்லை. அம்மையார் எழுதிய பிரதியையே இன்று உலகம் முதன்மையாக நம்பியிருக்கிறது. கணவர் இறந்தபின் அவர் நகரசபையின் தருமப் பணத்திலே வாழ்ந்தார். 1760ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இறந்தபோது, தருமம் பெறும் பெண் என்றே அவரைப் பதிந்தனர். தந்தை இறந்தபோது எட்டு வயதாயிருந்த கடைசி மகள் ரெஜினா சுசன்னா முதுமையிலே வறுமையுற்றார். 1800ஆம் ஆண்டில் ஓர் இசை இதழ் அவருக்காகப் பொருளுதவி வேண்டி விண்ணப்பம் வெளியிட்டது. பேத்தோவன் அதற்கு மனமிரங்கி, அவருடைய நன்மைக்காக ஒரு நூல் வெளியிட முன்வந்தார். ஏடுகளைக் காக்கும் கைகளை யார் காப்பது என்பதற்கு அக்குடும்பம் நல்ல விடை அளிக்கவில்லை; அந்நகரமும் அளிக்கவில்லை.

இம்மானுவேல் 1788இல் காலமானார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆந் திகதி, இருபது வயது இளைஞராகிய மெண்டல்சன், பாக்கின் 'மத்தேயு திருப்பாடுகள்' இசையைப் பேர்லினிலே மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதன் மூலக் கையெழுத்து இம்மானுவேலின் காவலிலிருந்து வந்ததாகும். தந்தை தேடிச் சேர்த்த முன்னோர் பாடல்கள் பேர்லின் இசைக்கழகமொன்றை அடைந்து, இரண்டாம் உலகப்போரிலே காணாமற் போயின. 1999ஆம் ஆண்டில் உக்ரேனின் தலைநகராகிய கீவிலே அவை கண்டுபிடிக்கப்பட்டன. 2001இல் பேர்லினுக்குத் திரும்பின. பெயர்க்கல் இன்றிக் கிடந்த பாக்கின் எலும்புகளும் 1950இலிருந்து தோமையார் ஆலயத்தினுள்ளே இளைப்பாறுகின்றன.

நேயர்களே, மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களிலும் புனிதர் வரலாறுகளைக் கூத்தாக ஆட்டுவித்த அண்ணாவிமார் பலர் வாழ்ந்தனர். அவர்களின் கொப்பிகள் பல, போரிலும் இடப்பெயர்விலும் தப்பி, வீட்டு அலுமாரிகளிலே செல்லரிக்கக் கிடக்கலாம். அவற்றைத் திறந்து பாருங்கள். இவை இன்னின்னவை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து மற்றொரு வீட்டிலே வையுங்கள். ஐயாவைப் பற்றி உண்மையாகத் தெரிந்ததை எழுதுங்கள். அக்கொப்பியை இத்தனை காலமும் மழையிலும் ஓட்டத்திலும் நெஞ்சோடு அணைத்துக் காத்த அம்மா இன்னும் இருப்பாராயின், முதலில் அவர் உண்டாரா என்று கேளுங்கள்.