விரிசலுக்கு யார் பொறுப்பு?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் படிக்கட்டுச் சுவரில் உள்ள விரிசலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பில்டர் அனுப்பிய இன்ஜினியர், "வெறும் பூச்சு விரிசல்தான், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாம். ஆனால் ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு தூண், பீம் குறைகளோடு நிற்கவில்லை. வேலைத்தரக் குறைகளையும் சேர்த்தே சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் நாம் தெரிவித்தால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பூச்சு என்றாலும் பொறுப்பு அவருடையதுதான்.

நம்மில் பலருக்கு அந்த 5 வருடம் வரும் மார்ச்சில் முடிகிறது. உங்கள் ஒப்படைப்புக் கடிதத்தில் உள்ள தேதியை இன்றே பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் பில்டருக்குத் தெரிவித்ததாக ஆகாது. பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் போக வேண்டும்.

கடிதத்தோடு, சங்கமே கட்டணம் கொடுத்து அமர்த்தும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்திட்ட அறிக்கையும் போகட்டும். பெயிண்ட் காண்ட்ராக்டர் கூட்டிவரும் ஆள் வேண்டாம். (அவர் இலவசமாகப் பார்ப்பார், வேலையையும் அவருக்கே வாங்கிக் கொடுப்பார்!) கட்டட வரைபடங்களைச் சங்கத்திடம் தருவதும் பில்டரின் கடமை, அதையும் கடிதத்தில் கேட்போம்.

அறிக்கை வரும்வரை விரிசலைப் பட்டி வைத்து மூடாதீர்கள். வீட்டுக்குள் சுவர் இடித்து மாற்றியவர்கள் இன்ஜினியரிடம் அதை மறைக்காதீர்கள். பில்டர் முதலில் கைகாட்டப் போவது அந்தச் சுவரைத்தான்.